மொட்டை மாடிக்கு வந்த யோகம்!
சூரிய மின்சாரத்துக்கு ரூ. 78,000 வரை மான்யம்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பித் தூளும் வாங்க வரும் தமிழர்கள் நின்று பேசும்போது, விலைவாசிக்கு அடுத்தபடியாக அடிபடுவது மின்சாரப் பில்தான். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்த முடியுமா? பில் வந்ததும் இன்னொரு முறை வியர்க்கிறது!

இந்தச் சுமையைக் குறைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின் தகடுகள் அமைப்பது நோக்கம். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். காலக்கெடு 2026-27 நிதியாண்டு வரை.

எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கிலோவாட் அமைப்புக்கு மான்யம் 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும். ஆடி, ஆவணி மழை மேகத்தில் இது குறையும்.

வீட்டுச் செலவு போக மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே கம்பெனிக்குப் போகும். வாங்கியதையும் கொடுத்ததையும் தனி மீட்டர் கணக்கு வைக்கும். கல்கத்தாவுக்கு இது புதிதல்ல. நியூ டவுனில் 'ரபிரஷ்மி ஆபாசன்' என்ற 25 வீடுகள் கொண்ட சூரிய மின்சாரக் குடியிருப்பு 2008-லேயே எழுந்தது.

மாடி யாருடையது?

ஆனால் லேக் மார்க்கெட் தமிழர்களில் பலர் வாடகைக்காரர்கள். மாடி அவர்களுடையதல்ல. சொந்த ப்ளாட் வாங்கியவர்களுக்கும் மாடி பொதுச் சொத்து. இவர்கள் கை கழுவிவிட வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்தால் லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மான்யம் உண்டு. மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தில் அந்த மிச்சம் தெரியும்.

ஓய்வு பெற்றதும் ஊர் திரும்ப எண்ணும் குமாஸ்தாக்கள் ஊர் வீட்டில் அமைக்கலாம். அங்கேதான் ஒரு சிக்கல். மின் இணைப்பு இன்னும் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இருக்கும். மனு செய்பவர் பெயரில் இணைப்பு இருக்க வேண்டும். ஆகவே அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக மின்வாரியக் காரியாலயத்தில் பெயர் மாற்றத்தை முடிப்பது புத்திசாலித்தனம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. அதற்குள் செலவு அடங்கும் வீட்டில், போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும்.

கவனம் தேவை

மனுவைத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் நுகர்வோர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற விற்பனையாளரிடமே, இந்தியாவில் தயாரான தகடுகளையே வாங்க வேண்டும். தகடு பொருத்தி, மீட்டர் மாட்டி, சோதனை முடிந்த பிறகுதான் மான்யம் வரும். அதுவும் நேராக நுகர்வோரின் பாங்குக் கணக்குக்கே. "மான்யம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கைமுதல் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை ஈடு கேட்காமல் பொதுத்துறை பாங்குகள் கடன் தருகின்றன. வட்டி அவ்வப்போது மாறும். கேட்டறிந்து கையெழுத்திடுவது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். பாட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வங்காளத்துக் கால்பைசாகிப் புயற்காற்றைத் தாங்கும்படி சட்டங்களை அழுத்தமாகப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

இத்தனை நாள் வடாம் காயவைத்த வெயில், இனி விளக்கும் ஏற்றும். மான்யத்துக்குத்தான் கெடு, பெயர் மாற்றமும் சங்கத் தீர்மானமும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.