டாக்டர் கேட்கும் நான்கு கேள்விகள்

மாலை நேரம். நாற்பது வயதுள்ள ஒருவர் டாக்டரின் அறைக்குள் நுழைகிறார். "வயிற்றில் ஒரே எரிச்சல், ஸார்! இரவில் தூக்கமும் இல்லை" என்கிறார். ரத்த அழுத்தம் அதிகமாயிருக்கிறது. கை இலேசாக நடுங்குகிறது. பின்னால் நிற்கும் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். டாக்டர் எரிச்சலுக்கு மருந்து எழுதித் தருகிறார். வந்தவர்கள் போகிறார்கள். வியாதியின் வேர் மட்டும் வெளிவரவேயில்லை.

குடியைப் பற்றிக் கேட்க டாக்டருக்குச் சங்கோஜம்; சொல்ல நோயாளிக்கு வெட்கம். "கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?" என்று ஒருவர் தயங்குகிறார். "சொன்னால் உபதேசம் ஆரம்பமாகிவிடுமோ?" என்று மற்றவர் அஞ்சுகிறார். இந்த இரண்டு மௌனங்களுக்கும் இடையே ஒரு குடும்பம் மூழ்கிப் போகிறது.

குடிகாரனைப் பாவி என்று வெறுத்து ஒதுக்குவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. அதற்கு மாறாகப் பேசியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் கப்பற்படை வைத்தியரான தாமஸ் டிராட்டர். குடிப்பழக்கம் மனத்தைப் பற்றிய ஒரு வியாதி என்று 1804-ல் வெளியிட்ட நூலில் அவர் வாதித்தார். வைத்தியர் முதலில் நோயாளியின் முழு நம்பிக்கையைப் பெறவேண்டும். சிகிச்சை அதன் பிறகுதான் என்பது அவர் கொள்கை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைவிடச் சிறந்த ஆரம்பத்தை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

நம்பிக்கையைப் பெற்றபின் எப்படிக் கேட்பது? அமெரிக்காவில் வட கரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூயிங் இதற்கு எளிய வழி ஒன்றை வகுத்தார். 1984-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். மொத்தம் நான்கே கேள்விகள். குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? உங்கள் குடியைப் பற்றிப் பிறர் குறை சொல்லி எரிச்சல் மூட்டியதுண்டா? குடித்ததற்காக மனம் உறுத்தியதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரவோ, தலைவலி தெளியவோ குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் டாக்டர் விழித்துக்கொள்கிறார். இக்கேள்விகளின் ஆங்கிலக் குறிப்புச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால், 'கூண்டு' என்று பொருள்படும் சொல் கிடைக்கிறது. எவ்வளவு பொருத்தம்!

"எவ்வளவு குடிக்கிறீர்?" என்ற கேள்வி இவற்றில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அளவைக் கேட்டால் மனிதன் பாதியாக்கிச் சொல்வான். மனம் உறுத்தியதா என்று கேட்டாலோ, பலகாலம் அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிடுவான். அளவையும் சேர்த்து அறிவதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்திருக்கிறது. அதில் மொத்தம் 40 எண்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாய அறிகுறி.

பதில் கிடைத்ததும் டாக்டர் திட்டத் தொடங்கினால் எல்லாம் பாழ். "நீர் குடிப்பதில் உமக்கு என்ன நன்மை? என்ன கஷ்டம்?" என்று கேட்டு, அவரையே பேச விடவேண்டும். விடவேண்டிய காரணத்தை நோயாளியே தம் வாயால் சொல்லும்படி செய்யும் இம்முறையை 1983-ல் வில்லியம் மில்லர் என்ற மனோதத்துவ நிபுணர் விளக்கினார். இப்படிச் சில நிமிஷம் பேசுவதால் பயனுண்டா? 69 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018-ல் வெளியான அறிக்கை, உண்டு என்கிறது. ஓராண்டுக்குப் பின் வாரத்துக்குச் சுமார் 20 கிராம் சாராயச் சத்து குறைந்திருந்தது. பெரிய பீர் புட்டி ஒன்றில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் மருந்துச் செலவில்லாமல் கிடைத்த லாபம் அது.

குடிக்கு முற்றும் அடிமையானவருக்குப் பேச்சு மட்டும் போதாது. இங்கே வீட்டார் இரண்டு தவறுகள் செய்வதுண்டு. ஒன்று, அவரை அறையில் பூட்டி வைத்து, ஒரே நாளில் குடியை நிறுத்துவது. பல ஆண்டு ஊறிய தேகம் அதைத் தாங்காது. முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தப்பிரமை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் மேற்பார்வையில், நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயாமின் என்னும் ஜீவசத்து பி-1-ம் கொடுத்து நிறுத்துவதே முறை.

மற்றொன்று, சோற்றிலோ காப்பியிலோ ரகசியமாக மருந்து கலந்து கொடுப்பது. குடியை வெறுக்கச் செய்யும் 'டைசல்பிரம்' என்னும் மருந்தின் குணத்தை டென்மார்க் ஆராய்ச்சியாளர் இருவர் 1948-ல் வெளியிட்டனர். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து விழுவார். அறிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது வேலி. அறியாமல் சாப்பிடுகிறவருக்கு அதுவே விஷமாகலாம். "தெரியாமல் கலந்து கொடுக்க ஏதாவது கொடுங்கள், டாக்டர்!" என்று ஒரு மனைவி கண்ணீர் விட்டால், நல்ல டாக்டர் மறுத்துவிடுவார். ஆனால் மறுத்ததோடு நில்லாமல், "உட்காருங்கள், அம்மா! நீங்கள் சாப்பிட்டீர்களா? குழந்தைகள் எப்படியிருக்கிறார்கள்?" என்று விசாரிப்பார். ஏனெனில் அந்த வீட்டில் நோயாளி ஒருவர் மட்டுமல்ல. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய சிகிச்சை ஸ்தாபனம், குடித்தவரோடு அவர் குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டென்று காட்டியது.

சேலத்தில் 1937-ல் மதுவிலக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1971-ல் அது தளர்த்தப்பட்டது. 2003-ல் சில்லறை விற்பனையை அரசாங்கமே ஏற்றது. சட்டம் வரும், போகும். ஆனால் டாக்டர் அறையின் கதவு என்றும் திறந்திருக்கிறது. அடுத்த முறை அங்கே செல்லும்போது, பின்னால் நிற்கும் சகோதரி தரையைப் பார்க்கவேண்டாம். "டாக்டர், அந்த நான்கு கேள்விகளையும் இவரிடம் கேளுங்கள்" என்று சொன்னால் போதும். மௌனம் கலைந்தால், பாதி வைத்தியம் ஆனதுபோலத்தான்.