எங்கள் வீதியால் பஸ் வருவதென்றால் யாரிடம் கேட்பது?

குடியிருப்பு வீதியொன்றால் புதிய பஸ் ஓடப் போகிறது என்றதும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகும் பாதை" என்கிறார் ஒருவர். "ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஓட்டோவுக்குக் கொடுக்க என்னிடம் காசில்லை" என்கிறார் பக்கத்து வீட்டு உம்மா. இரண்டும் நியாயமே.

ஆனால் நமது முறைப்பாடு பல நேரங்களில் தவறான கதவையே தட்டுகிறது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் கடந்து ஓடினால், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபை. உள்வீதியோ பெரும்பாலும் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ உரியது. வடிகான் மூடியையும் தெருவிளக்கையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

பஸ் எந்த வழியால், எத்தனை தடவை, எந்த நேரத்தில் ஓடும் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூலம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கிடையில் நாமும் ஒரு வேலை செய்வோம். வீதியின் அகலத்தை அளப்போம். மூடியில்லாத வடிகான்களை எண்ணுவோம். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களைக் குறிப்போம். "பஸ் வேண்டாம்" என்று ஐம்பது பேர் கையொப்பமிட்ட மகஜரை விட, "தரிப்பிடம் பாடசாலை வாயிலிலிருந்து தள்ளி இருக்கட்டும், காலையில் பெரிய பஸ் வேண்டாம்" என்று அளவுகளோடு எழுதிய ஒரு பக்கம் பலமானது. அந்த உம்மாவும் கிளினிக் போக வேண்டும். பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.