வியாபாரத்திலே நியாயம் எது? ஒரு வாழைத்தோட்டக் கதை சொல்லும் பாடம்

நாம் மலையில் பறிக்கிற கொழுந்து ஸ்டோருக்குப் போய், தூளாகி, கொழும்பு ஏலத்தில் விலைபோய், ஈராக், ரஷ்யா, துருக்கி என்று எத்தனையோ நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. அதே மலைக்கு நாம் அடிக்கிற களைநாசினியும் பீடைநாசினியும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பனிகள் கண்டுபிடித்தவை. ஆகவே உலக வியாபாரம் நம் கை படாத காரியம் இல்லை. நம் கையும் அதில் இருக்கிறது, நம் உடம்பும் இருக்கிறது.

அந்த வியாபாரத்தில் ஒரு முடிவு எடுக்கும்போது அது நியாயமா அநியாயமா என்று எப்படிச் சொல்வது? "லாபம் வந்தால் சரி" என்பார் ஒருவர். "சட்டம் தடுக்கவில்லையே" என்பார் இன்னொருவர். இந்தக் கேள்வியைப் பெரிய அறிஞர்கள் பல நூறு வருடங்களாக ஆராய்ந்து சில வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை ஒரு உண்மைச் சம்பவத்தோடு பொருத்திப் பார்ப்போம். அதுவும் தோட்டத்தில் நடந்ததுதான், ஆனால் தேயிலைத் தோட்டம் அல்ல, வாழைத்தோட்டம்.

நடந்தது என்ன?

மத்திய அமெரிக்காவில் கொஸ்டாரிக்கா, ஹொண்டூராஸ், நிக்கராகுவா போன்ற நாடுகளில் பெரிய பெரிய வாழைத்தோட்டங்கள் உண்டு. வாழையின் வேரை ஒரு வகை நுண்புழு தின்றுவிடும். மரம் சாய்ந்துபோகும். அந்தப் புழுவைக் கொல்ல 1950களில் டி.பி.சி.பி. என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. டவ், ஷெல் என்ற இரண்டு பெரிய கம்பனிகள் அதைத் தயாரித்தன. ஷெல் வைத்த பெயர் நெமகொன். தொழிலாளர்கள் ஊசிபோன்ற கருவியால் வாழையின் அடியில் மண்ணுக்குள் அதைச் செலுத்தினார்கள். சில இடங்களில் தண்ணீரோடு கலந்து தெளித்தார்கள்.

இந்த மருந்து எலிகளின் விதைகளைச் சுருங்க வைக்கிறது என்று கம்பனி விஞ்ஞானிகளே சோதனையில் கண்டு, 1961இல் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஆனால் விற்பனை நிற்கவில்லை.

1977இல் கலிபோர்னியாவில் லத்ரொப் என்ற ஊரில், ஒக்சிடென்டல் கம்பனியின் தொழிற்சாலையில் இதே மருந்தைக் கலந்த தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயம் தெரிந்தது: கலியாணம் முடித்தும் பலருக்குப் பிள்ளை இல்லை. விடாப்பிடியாக வைத்தியப் பரிசோதனை கேட்டார்கள். பலருக்கு விந்தில் உயிரணுவே இல்லை என்று முடிவு வந்தது. அந்த வருடமே அமெரிக்க அரசாங்கம் மருந்தின் பெரும்பாலான பாவனையை நிறுத்தியது. 1979இல் ஹவாய் அன்னாசித் தோட்டம் நீங்கலாக முழுத் தடை வந்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. டவ் கம்பனி உற்பத்தியை நிறுத்தி, விற்ற சரக்கைத் திருப்பி அனுப்பும்படி கேட்டது. வாழைத்தோட்டங்களை நடத்திய ஸ்டாண்டர்ட் புரூட் கம்பனியோ, "ஒப்பந்தப்படி மருந்து தரவேண்டும், தராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகும்" என்று நின்றது. வழக்கு வந்தால் செலவைத் தானே ஏற்பதாகவும் ஒப்புக்கொண்டது. 1978இல் மருந்து மறுபடியும் கொடுக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிலாளிக்கு ஆகாது என்று தள்ளிய மருந்து வெளிநாட்டு வாழைத்தோட்டத் தொழிலாளியின் கைக்கு வந்தது.

முதல் வழி: கூட்டிக் கழித்துப் பார்ப்பது

இங்கிலாந்தைச் சேர்ந்த பெந்தம் (1748–1832), மில் (1806–1873) என்ற இருவரும் சொன்ன வழி இது. ஒரு காரியத்தால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை என்று கணக்குப் போடு. நன்மை கூடினால் சரி, தீமை கூடினால் பிழை. நமது மரணாதார சங்கத்தில் எல்லாரும் மாதாமாதம் சந்தா கொடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் சிறு செலவு. துக்கம் விழுந்த வீட்டுக்குப் பெரிய உதவி. இதுவும் அந்தக் கணக்குத்தான். மில் என்பவர் தாமே கிழக்கிந்தியக் கம்பனியில் 35 வருடம் வேலை செய்தவர். கம்பனி விவகாரம் அறியாதவர் இல்லை.

கம்பனிக்காரர் இப்படிக் கணக்குப் போடலாம்: "மருந்து இல்லாவிட்டால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் வேலை போகும். ஆயிரம் குடும்பம் பட்டினி." கேட்க நியாயம் போல இருக்கிறது. ஆனால் கணக்குச் சரியாக இருக்கவேண்டுமானால் எல்லாரையும் எண்ண வேண்டும். துரைக்கும் ஒரு புள்ளி, தொழிலாளிக்கும் ஒரு புள்ளி. பிள்ளை இல்லாமல் போன வேதனையையும், "மலடன்" என்ற சொல்லையும், உடைந்த குடும்பத்தையும் கணக்கில் சேர்த்தார்களா? வேறு வழியில் புழுவைக் கட்டுப்படுத்த என்ன செலவு என்று பார்த்தார்களா? தூரத்தில் இருப்பவனை எண்ணாமல் விட்ட கணக்கு கள்ளக் கணக்கு.

இந்த வழியில் ஒரு குறையும் உண்டு. கணக்கைச் சரியாகவே போட்டு, "ஐம்பது பேர் கெட்டாலும் ஆயிரம் பேர் பிழைக்கிறார்களே" என்று முடிவு வந்தால்? அந்த ஐம்பது பேரிடம் யார் போய்ச் சொல்வது? அதற்குத்தான் இரண்டாவது வழி வேண்டும்.

இரண்டாவது வழி: கடமை

ஜெர்மன் அறிஞர் காண்ட் (1724–1804) குதிரைச் சேணம் செய்யும் ஒரு தொழிலாளியின் மகன். அவர் இரண்டு சோதனை சொன்னார்.

முதலாவது: நீ செய்கிற காரியத்தை எல்லாரும் செய்தால் உலகம் நடக்குமா? கொழுந்து நிறுக்கிறவர் தராசில் இரண்டு கிலோ களவாகக் கழிக்கிறார் என்று வைப்போம். தராசு பிடிக்கிற எல்லாரும் அப்படியே செய்தால் தராசை நம்ப யாரும் இருக்கமாட்டார்கள். மற்றவர்கள் நேர்மையாக இருப்பதால்தான் அவருடைய களவு செல்லுபடியாகிறது. ஆகவே அது பிழை.

இரண்டாவது: எந்த மனிதனையும் வெறும் கருவியாகப் பாவிக்காதே. சம்பளத்துக்கு வேலை வாங்குவது பிழை என்று அவர் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்லி, அவன் அறிந்து சம்மதித்தால் அவனை மனிதனாக நடத்தியதாகும். மறைத்து வேலை வாங்கினால் மண்வெட்டியையும் அவனையும் ஒன்றாக நினைத்ததாகும்.

வாழைத்தோட்டத்தில் மருந்தின் ஆபத்தைத் தங்களுக்குச் சொல்லவில்லை, கையுறை தரவில்லை என்று தொழிலாளர்கள் வழக்குகளில் முறையிட்டார்கள். தெரியாத ஆபத்துக்கு யாரும் சம்மதம் கொடுக்க முடியாது. காண்டின் சோதனையில் அந்த வியாபாரம் தேறாது.

"ஒப்பந்தம் செய்தால் வாக்கைக் காப்பாற்றுவதும் கடமைதானே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. டவ் கம்பனியின் முன்னால் இருந்த தர்மசங்கடமே அதுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள் இரண்டு கம்பனிகள். உடம்பைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவனின் உயிரைப் பணயம் வைத்து வாக்குக் கொடுக்க முடியாது. வழக்குச் செலவை ஒரு கம்பனி ஏற்றால் மற்றக் கம்பனியின் பணம் தப்பும்; தொழிலாளியின் உடம்பு தப்பாது.

மூன்றாவது வழி: குணம்

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322) வேறு விதமாகக் கேட்டார்: நல்ல மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வான்? குணம் பிறப்பில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது என்றார். கொழுந்து பறித்துப் பறித்துத்தான் கை பழகுகிறது. உண்மை பேசிப் பேசித்தான் மனம் பழகுகிறது. தைரியம் என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவில் உள்ளது என்றும் சொன்னார்.

கம்பனி ஒரு பெயர்ப்பலகை மட்டும். முடிவெடுப்பவர்கள் மனிதர்கள். எலிச் சோதனையின் முடிவைக் கண்டவரும், எச்சரிக்கைச் சீட்டை எழுதியவரும், கப்பலுக்குச் சரக்கு ஏற்றக் கையெழுத்திட்டவரும் தத்தம் வேலையை மட்டும் பார்த்தால், பிழை யாருடையது என்று தெரியாமலே பிழை நடந்துவிடும். மறுபக்கத்தில் லத்ரொப் தொழிலாளர்களைப் பாருங்கள். வெட்கத்தை விட்டு, வெளியில் சொல்லக் கூசுகிற விஷயத்தைக் கூடிப் பேசி, பரிசோதனை கேட்டார்கள். அரிஸ்டோட்டில் சொன்ன தைரியம் அதுதான்.

நமது வள்ளுவரும் நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் வியாபாரிக்கு ஒரு குறள் வைத்திருக்கிறார். அடுத்தவர் பொருளையும் தம்முடைய பொருளைப் போலக் கருதிச் செய்வதே வியாபாரம் என்பது அதன் கருத்து. பொருளுக்கே அப்படியென்றால் அடுத்தவர் உடம்புக்கு எவ்வளவு!

நீதிமன்றம் என்ன சொன்னது?

கொஸ்டாரிக்காத் தொழிலாளர் 82 பேர் 1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டவ், ஷெல் கம்பனிகள் மீது வழக்குப் போட்டார்கள். "உங்கள் நாட்டிலேயே வழக்குப் பேசுங்கள்" என்று கம்பனிகள் வாதாடின. 1990இல் டெக்சாஸ் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இங்கேயே வழக்குப் பேசலாம் என்று தீர்ப்பளித்தது. பின்பு வழக்கு சமரசமாக முடிந்தது. ஆனால் 1993இல் அந்த மாநிலச் சட்டசபை, வெளிநாட்டார் வழக்குகளைத் தள்ளிவிட இடம் கொடுத்துச் சட்டத்தை மாற்றியது. பிற்காலத்தில் நிக்கராகுவாவிலிருந்து வந்த சில வழக்குகளை, பொய்ச்சாட்சி சேர்க்கப்பட்டதென்று லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் 2009இல் தள்ளியது. பொய் ஒன்று கலந்தால் உண்மையாகப் பாதிக்கப்பட்டவனின் வழக்கும் பலவீனப்படும். நியாயம் கேட்பவனும் நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்கு இதுவும் பாடம்.

அங்கே தடை என்றால் இங்கேயும் தடையா?

அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது. டி.டி.டி. மருந்தை அமெரிக்கா 1972இல் தடை செய்தது. ஆனால் அந்த மருந்துதான் இலங்கையில் மலேரியாவை ஒடுக்கியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. பிறகு தெளிப்பு நின்று, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968–69இல் லட்சக்கணக்கானோருக்குக் காய்ச்சல் திரும்பியது. கடைசியில் 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று கொடுத்தது. நோய்த் தடுப்புக்கு டி.டி.டி.யைப் பாவிக்க 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும் இடம் கொடுத்திருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. ஆபத்தைச் சுமக்கிறவனுக்கு விஷயம் சொல்லப்பட்டதா? அவனுக்குப் பாதுகாப்பு உண்டா? வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியுமா? நன்மை அவனுக்கும் வருகிறதா? மலேரியாவிலிருந்து தப்பியவன் நன்மையைத் தானே அனுபவித்தான். வாழைத்தோட்டத்தில் நன்மை ஒருவருக்கு, தீமை இன்னொருவருக்கு.

இந்த எண்ணத்தில்தான் 1998இல் ரொட்டர்டாம் உடன்படிக்கை வந்தது. அதன் பட்டியலில் உள்ள மருந்தை ஒரு நாடு இறக்குமதி செய்வதற்கு முன் விபரம் அறிந்து சம்மதிக்க வேண்டும். இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. இது காண்டின் இரண்டாவது சோதனை சட்டமாக வந்தது போலத்தான். ஆனால் அரசாங்கத்தின் சம்மதம் மலையில் மருந்து அடிக்கிறவரின் சம்மதம் ஆகிவிடாது.

நம் மலைக்கு வருவோம்

பரகுவாட் என்ற களைநாசினியைச் சுவிட்சர்லாந்து 1989இலேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் அனுமதி ரத்தானது. அதன் பிறகும் இங்கிலாந்தில் தயாராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. அது உடம்புக்குள் போனால் முறிக்க மருந்து கிடையாது. இலங்கை 2008 முதல் படிப்படியாக அதை நிறுத்தியது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கு மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஒவ்வொரு முடிவிலும் மேலே சொன்ன கேள்விகள் இருக்கின்றன.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நமது நாட்டில் உண்டு. பதிவு செய்யாத மருந்தை விற்க முடியாது. ஆகவே மருந்து அடிக்கப் போகிறவர்களும் தோட்டத் தலைவர்மாரும் பயப்படாமல் கேட்கலாம்:

1. இந்த மருந்தின் பெயர் என்ன? லேபல் தமிழில் இருக்கிறதா? வாசிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா?

2. கையுறை, சப்பாத்து, முகமூடி கொடுத்தார்களா? கிழிந்தால் மாற்றித் தருவார்களா?

3. வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் சவர்க்காரமும் உண்டா?

4. அடித்த மலையில் எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம்? கர்ப்பிணிகளை அங்கே அனுப்புகிறார்களா?

5. வெற்றுப் போத்தலும் டிரம்மும் எங்கே போகின்றன? லயத்தில் தண்ணீர் பிடிக்க அவற்றை ஒருபோதும் எடுக்கக்கூடாது.

6. தலைச்சுற்று, வாந்தி வந்தால் யாரிடம் சொல்வது? போத்தல் லேபலையும் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

துரையும் இதே கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம். நாமும்தான். நம் பக்கத்துப் பீலியில் தண்ணீர் எடுக்கிற குடும்பத்தை எண்ணாமல் மருந்து டாங்கியை அந்த நீரில் கழுவினால், தூரத்துக் கம்பனி செய்த அதே பிழையை நாம் சிறிய அளவில் செய்கிறோம்.

பெந்தம், மில், காண்ட், அரிஸ்டோட்டில் என்ற பெயர்கள் மறந்துபோனால் பரவாயில்லை. மூன்று கேள்விகளை ஞாபகம் வைத்தால் போதும்: எல்லாரையும் எண்ணினோமா? மறைக்காமல் சொன்னோமா? நல்ல மனிதன் இதைச் செய்வானா? அடுத்த முறை மலைக்குப் புது மருந்து வரும்போது, போத்தலைத் திறக்கிறதுக்கு முன்னால் இந்த மூன்றையும் சேர்ந்து கேட்போம்.