கிறகரி வாவியும் அதனைச் சூழ்ந்த மலைகளும்

குளம் என்ற சொல்லைக் கேட்டதும் வயலையும் நெற்கதிரையும் நினைத்துக்கொள்வது இலங்கைத் தமிழ் மக்களின் வழக்கம். வன்னியிலே குளமின்றேல் ஊரில்லை. ஊர்ப் பெயர்கள் பலவும் குளம் என்றே முடிகின்றன. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், நுவரெலியா நகரையொட்டிக் கிடக்கும் கிறகரி வாவி நெல் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்காகக் கட்டப்பட்டதன்று. அது சோறு போடாத குளம். அப்படியிருந்தும் அதன்பால் மக்கள் கொண்ட பற்று ஒன்றரை நூற்றாண்டாகக் குறையவில்லை. அப்பற்று எங்கிருந்து வந்தது, யாருக்கு உரியது என்பதை நேயர்கள் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

1873ஆம் ஆண்டுக்கு முன் அவ்விடத்தில் இருந்தது வெறும் சதுப்பு நிலம். இலங்கையின் அதியுயர்ந்த மலையாகிய பேதுருதாலகாலவிலிருந்து இறங்கிவரும் தலகல ஓடை அங்கே தேங்கி, சேறாகிக் கிடந்தது. நகரை விரிவாக்க நிலம் வேண்டியிருந்தது. ஓடையை அணைகட்டித் தடுத்து நீரை ஓரிடத்தே நிறுத்தினால் எஞ்சிய நிலம் உலரும் அல்லவா? அப்போது தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிறகரி அதற்கு ஆணை கொடுத்தார். வாவிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கிறகரி யார் என்பது வாவியிற் படகு விடுவோரில் அநேகருக்குத் தெரியாது. அயர்லாந்தின் மேற்கே, கோல்வே மாவட்டத்தில், கூல் என்னும் இடத்தில் அவருடைய குடும்ப மாளிகை இருந்தது. அதன் அருகே காட்டு அன்னங்கள் வந்து தங்கும் ஓர் ஏரியும் உண்டு. ஏரிக்கரையில் மாளிகை கொண்டவர் இன்னோர் ஏரிக்கு ஆணையிட்டார் என்று மகிழலாம். கதை அத்துடன் முடிந்தாற்றானே! 1847ஆம் ஆண்டு, உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து அயர்லாந்திற் பெரும் பஞ்சம் நிலவியபோது, பிரித்தானியப் பாராளுமன்றத்தில் உறுப்பினராயிருந்த இதே கிறகரி ஒரு விதியைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அந்நிலத்தை விட்டாலன்றி அவனுக்கு உதவி இல்லை என்பதே அவ்விதி. பசியினால் நிலத்தைத் துறந்த குடியானவர் எண்ணிறந்தோர். பிற்காலத்தில் இலங்கைக்கு வந்த அவர், 1877ஆம் ஆண்டிற் கொழும்பில் நூதனசாலையைத் திறந்தார். வடமத்திய மாகாணத்தை அமைத்துப் பழைய குளங்களைத் திருத்துவதில் ஊக்கங் காட்டினார். நல்ல தேசாதிபதி என்றே வரலாற்று நூல்கள் கூறும். ஒரே மனிதர்தாம்.

அவர் ஆட்சி முடியும் தறுவாயிலேயே தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் பரவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, இம்மலைகளை வந்தடைந்தனர். வழியில் வாந்திபேதியால் மாண்டவர் பலர். கோப்பிச் செடியில் 1869ஆம் ஆண்டளவிற் கண்ட இலைநோய் அத்தோட்டங்களை மெல்ல மெல்ல அழித்துவிட, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இன்று வாவிக்கரையிலிருந்து சிறிது தூரம் சென்றாற் காணும் பசுஞ்சரிவுகள் அம்மக்களின் கையால் வந்தவை.

இனி மீனுக்கு வருவோம். மலைநாட்டிற் குடியேறிய ஆங்கிலேயருக்கு நுவரெலியாவின் குளிர் தம் தாய்நாட்டை நினைவூட்டியது. புல்லில் உறைபனி படியும் தைமாத விடியல், மாலையில் மலைமீதிருந்து இறங்கும் மூடுபனி, கணப்படுப்பின் சூடு, யாவும் இருந்தன. இல்லாதது ஒன்றே: ட்ரவுட் மீன். 1880களின் தொடக்கத்தில் லெ மெசூரியர் என்ற உதவி அரசாங்க அதிபர் அம்மீனை வாவியில் விட்டார் என்பர். நெடுந்தொலைவிலிருந்து உயிர்மீனைக் கப்பலிற் கொண்டுவருதல் எளிதன்று; ஆதலின் முட்டைகளையே ஈரப் பாசியிற் பொதிந்து, பனிக்கட்டியின் நடுவே வைத்து அனுப்பும் முறை அக்காலத்தில் வழங்கியது. குளிர் மிகுந்தால் முட்டை பொரிக்கும் காலம் நீளும் என்பதே இம்முறையின் இரகசியம். 1869ஆம் ஆண்டிற் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் குறுகியது, முட்டைகளும் பிழைத்தன.

கொண்டுவந்த மீன் எல்லா இடத்தும் ஒரேவிதமாகத் தழைக்கவில்லை. காரணம் அம்மீனின் இல்வாழ்க்கையே. பெண் மீன் ஓடையின் பருக்கைக் கற்களிடையே வாலினால் அடித்துக் குழி பறித்து முட்டையிடும். அக்கற்களினூடே குளிர்ந்த தெளிநீர் ஓயாது ஓடவேண்டும். அந்நீரிற் கரைந்த பிராணவாயுவைக் கொண்டே கரு வளரும். சேறு வந்து மூடினால் கரு மூச்சடைத்துப்போம். நீர் அதிகம் சூடேறினாலும் மீன் தளரும். அடியிற் சேறு படிந்த, நீரோட்டங் குன்றிய ஆழமற்ற வாவி இதற்கு ஏற்ற தொட்டிலாகுமா? ஐரோப்பாவின் பழுப்பு நிற ட்ரவுட் இலங்கையில் வேரூன்றவில்லை. அதன்பின் வந்த வானவில் ட்ரவுட்டோ வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளுக்குரியது. சற்றுச் சூட்டையும் பொறுக்கும். அது இன்னும் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியின் கல்லோடைகளைத் தன் இல்லமாக்கிக்கொண்டு, அங்கே தானாகவே பெருகலாயிற்று.

தூண்டில் முறையும் புதுமையானது. புழுவோ மாவுருண்டையோ கிடையாது. பறவை இறகையும் நூலையும் முள்ளிற் கட்டி, பூச்சி போலத் தோன்றச் செய்து, நீண்ட கோலை வீசி, நீரின்மேல் அது மெல்ல வந்தமருமாறு விடுவர். மீன் ஏமாறவேண்டும், ஏமாறாவிட்டாலும் கவலையில்லை. ஒரு பகல் முழுவதும் நின்று வெறுங்கையோடு பங்களாவுக்குத் திரும்பும் துரை அதனை நல்ல நாள் என்றே தம் குறிப்பேட்டில் எழுதலாம். பட்டினிக்கு மீன் பிடிப்பவனுக்கு இந்த இன்பம் விளங்காது. ஆனால் விளங்காத இன்பம் பொய்யான இன்பம் என்று சொல்லிவிடுவதும் முறையன்று. நீர் எப்படி ஓடுகிறது, எந்தக் கல்லின் நிழலில் மீன் ஒதுங்கும், எந்தப் பூச்சி எப்பொழுது பறக்கும் என்பவற்றையெல்லாம் பொறுமையோடு நோக்கியவர் அந்நிலத்தை உண்மையாகவே அறிந்தனர். தம்முடையதல்லாத நிலத்தையும் மனிதன் நேசிக்கலாம் போலும்.

அந்நேசத்துக்கு விலை கொடுத்தவையும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் இன்று காணும் மீன்கள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவையே. பெரிய மீனுக்கு அஞ்சாது வாழ்ந்த நன்னீர் இறாலும் தவளைக் குஞ்சும் புதிய விருந்தாளிக்கு உணவாயின. அச்சமவெளி 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அது மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே காக்கவேண்டியது ட்ரவுட்டையா, அது வருமுன் இருந்த சிற்றுயிர்களையா என்று கேட்டால், பின்னவற்றையே என்பதில் ஐயமில்லை. ட்ரவுட்டுக்கு உலகெங்கும் வீடு உண்டு, அவ்விறாலுக்கு இல்லை.

கிறகரி வாவியின் துன்பம் வேறுவகை. சுற்றியுள்ள சரிவுகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்சும் விளைகின்றன. கொத்திப் பதமாக்கிய மண்ணை மழை வாரிக்கொண்டு வந்து வாவியிற் சேர்க்கிறது. உரமும் உடன் வருகிறது. உரம் பாசியை வளர்க்கும். மண் நீரின் இடத்தைப் பிடிக்கும். தூர் வாரினாலும், சரிவிலே மண் காக்கப்படாவிட்டால், வாவி மீண்டும் தான் பிறந்த சதுப்பாகவே மாற முயலும். யாழ்ப்பாணத்திற் கிணற்றை இறைத்துத் தோட்டஞ் செய்பவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சித்திரை மாதம் வந்தால் வாவிக்கரை திருவிழாக் களமாகிறது. கொழும்பிலிருந்தும் வடக்கிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். படகோட்டமும் குதிரைச் சவாரியும் நடக்கின்றன. அருகிலுள்ள சீதா எலியவிற் கோயிலைத் தரிசித்துவிட்டு வருவோரும் பலர். அக்கூட்டத்திலே, லயத்திலிருந்து ஒரு நாள் விடுமுறையிற் பிள்ளைகளைக் கூட்டிவரும் தோட்டத் தொழிலாளியும் நிற்கிறான். அவனுடைய பாட்டனின் தலைமுறை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றதாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலர் தமிழ்நாட்டின் நீலகிரியிலே, அவர்களுக்கென்றே உண்டாக்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். கப்பலேறிப் போனவர்கள் திரும்பவும் மூடுபனியும் தேயிலையும் உள்ள மலையிலே போய் நின்றனர். இங்கு எஞ்சியோரின் குடியுரிமைக் குறை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. துரைமார் தம் மீன்பிடி நாட்களை நூல்களில் எழுதிவைத்தனர். இம்மக்கள் மலைமேற் கொண்ட பற்று பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்து வந்திருக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதிவைத்தல் நன்று.

வாவியிலிருந்து வெளியேறும் நீர் 1913ஆம் ஆண்டு சுரங்கவழியே திருப்பப்பட்டு, பிளாக்பூல் என்னும் இடத்தில் ஒரு சிறு மின்னிலையத்தை இயக்கியது. அந்நீர் பின்னர் நானு ஓயாவாகிக் கொத்மலை ஓயாவிற் கலந்து, அதனுடன் மகாவலி கங்கையை அடைகிறது. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் மகாவலி நீரின் ஒரு பங்கு வடமத்திய வயல்களை நோக்கித் திருப்பப்படுகிறது. எஞ்சியது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு சேர்கிறது. அங்கே மூதூர் மீனவர் வலை வீசுகின்றனர்.