சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழியாகும். வாங்கிய பொருளின் விலையைக் காட்டிலும் அதனைச் சுமந்து வந்த கூலி மிகையாகிவிடும் விபரீதத்தையே முன்னோர் இவ்வாறு சொல்லிவைத்தனர். வீதிப் போக்குவரத்து விதிகளைச் சிறு அளவில் மீறும் சாரதிகளிடமிருந்து அறவிடப்படும் தண்டப்பணத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் இப்பழமொழி நினைவுக்கு வராமற் போகாது.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். அங்கு சிவப்புச் சமிக்ஞை விளக்கைக் கடந்து செல்லும் சாரதிக்குச் சட்டம் விதித்துள்ள அடிப்படைத் தண்டப்பணம் 100 டொலர்தான். ஆயினும் 2015ஆம் ஆண்டளவில் அச்சாரதி செலுத்த வேண்டியிருந்த முழுத்தொகை 490 டொலராகும். எஞ்சிய 390 டொலர் எங்கிருந்து முளைத்தது என்பதை விளங்கிக்கொள்வது பயனுடையதாகும்.

அடிப்படைத் தண்டப்பணத்தின் ஒவ்வொரு 10 டொலருக்கும் மாநிலத்துக்கென 10 டொலரும், மாவட்ட நிர்வாகத்துக்கென 7 டொலரும், குற்றவாளிகளின் டி.என்.ஏ. பதிவுகளைப் பேணும் நிதியத்துக்கென 5 டொலரும், நீதிமன்றக் கட்டடங்களுக்கென 5 டொலரும், அவசர மருத்துவ சேவைக்கென 2 டொலரும் சேர்க்கப்பட்டன. ஆக, 10 டொலருக்கு 29 டொலர் மேலதிகம். 100 டொலருக்கு இது 290 டொலராகின்றது. அதன் மேல் அடிப்படைத் தண்டப்பணத்தில் 20 சதவீத மிகைவரி. அதற்கும் மேலாக நீதிமன்றச் செயற்பாட்டுக் கட்டணம் 40 டொலர், குற்றத்தீர்ப்புக் கட்டணம் 35 டொலர், வான்வழி அம்புலன்ஸ் சேவைக்கு 4 டொலர், இரவுநேர நீதிமன்றத்துக்கு 1 டொலர். இவையனைத்தையும் கூட்டினால் 490 டொலர் வந்துவிடுகின்றது.

இக்கணக்கில் மற்றுமொரு நுட்பமும் உண்டு. மேலதிக அறவீடுகள் '10 டொலருக்கு அல்லது அதன் ஒரு பகுதிக்கு' என்று விதிக்கப்பட்டிருந்தன. எனவே 35 டொலர் தண்டப்பணம் 40 டொலராகக் கொள்ளப்பட்டே பெருக்கப்படும். அனுமதிக்கப்பட்ட வேகத்தைச் சற்றே தாண்டியவருக்கு விதிக்கப்படும் இந்த 35 டொலர், மேற்சொன்ன கணக்கின்படி 238 டொலராக உயர்ந்தது. சிறிய குற்றத்துக்கே விகிதாசாரத்தில் பெரிய சுமை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 100 டொலர் ஏறக்குறைய ஐந்து மடங்காகின்றபோது 35 டொலர் ஏறக்குறைய ஏழு மடங்காகின்றது.

பொலிஸார் வீதியில் வைத்து வழங்கும் சீட்டில் இம்முழுத்தொகை பொதுவாகக் குறிப்பிடப்படுவதில்லை. பின்னர் நீதிமன்றத்திலிருந்து தபாலில் வரும் அறிவித்தலிலேயே சாரதி அதனை அறிந்துகொள்கின்றார். முகவரி மாறியவருக்கும், நிலையான வதிவிடம் இல்லாதவருக்கும் அந்த அறிவித்தல் கிடைக்காமலே போய்விடலாம். தவணை தவறினால் அக்காலத்தில் மேலும் 300 டொலர் வரை சேர்க்கப்பட்டது. அத்துடன் சாரதி அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்பட்டது. தான் குற்றமிழைக்கவில்லை என்று வாதாட விரும்பியவரிடமும் முழுத்தொகையை முற்பணமாகக் கட்டும்படி பல நீதிமன்றங்கள் கேட்டன. 2015 ஜூன் மாதத்திலேயே அம்மாநில நீதித்துறைப் பேரவை புதிய விதியொன்றின் மூலம் இந்நடைமுறைக்கு முடிவுகட்டியது.

இந்நிலைமை ஒரே நாளில் உருவானதன்று. 1953ஆம் ஆண்டில் சாரதிப் பயிற்சிக்கு நிதி திரட்டும் நோக்குடன் ஒவ்வொரு 20 டொலர் தண்டப்பணத்துக்கும் 1 டொலர் சேர்க்கப்பட்டதே இதன் தொடக்கமாகும். வீதி விதியை மீறியவரிடம் பெறும் பணத்தை வீதிப் பாதுகாப்புக்கே செலவிடுவதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால், 1978ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் இலக்கப் பிரேரணை ஆதன வரிக்கு உச்சவரம்பு விதித்ததோடு, மாநில வரிகளை உயர்த்துவதற்குச் சட்டசபையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையையும் அவசியமாக்கியது. வரியை உயர்த்த அஞ்சிய அரசியல்வாதிகளுக்குத் தண்டப்பணம் இலகுவான கறவைப் பசுவாகியது. புதிய தேவையொன்று எழும்போதெல்லாம் புதிய கட்டணமொன்று அதன் முதுகில் ஏற்றப்பட்டது. நீதிமன்றக் கட்டடமும், மருத்துவ சேவையும், டி.என்.ஏ. ஆய்வும் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியவை. அவற்றின் செலவை விளக்குச் சந்தியில் அகப்பட்டவர் மீது மாத்திரம் சுமத்துவது எந்த வகையில் நீதியாகும்?

இதன் விளைவுகள் பாரதூரமானவை. 2015 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சட்ட உதவி அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையொன்று, தண்டப்பணம் செலுத்தாமையாலும் நீதிமன்றில் தோன்றாமையாலும் அம்மாநிலத்தில் 40 இலட்சத்துக்கும் அதிகமான சாரதி அனுமதிப்பத்திரங்கள் இடைநிறுத்தப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தது. அனுமதிப்பத்திரம் இழந்தவர் தொழிலுக்குச் செல்ல முடியாது. தொழிலுக்குச் செல்லாதவர் கடனைக் கட்ட முடியாது. துணிந்து வாகனத்தைச் செலுத்தினால் அதுவே புதிய குற்றமாகிவிடும். இதனை ஒரு பொறி என்பதைத் தவிர வேறு எவ்வாறு அழைப்பது?

இதே காலப்பகுதியில் மிசூரி மாநிலத்தின் பெர்கூசன் நகரம் உலகின் கவனத்தை ஈர்த்தது. 2014 ஆகஸ்டில் மைக்கல் பிரவுண் என்ற கறுப்பின இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிரிழந்ததையடுத்து வெடித்த கொந்தளிப்பின் பின்னணியை ஆராய்ந்த அமெரிக்க நீதித் திணைக்களம், 2015 மார்ச்சில் தனது அறிக்கையை வெளியிட்டது. சுமார் 21,000 பேர் வசிக்கும் அச்சிறு நகரின் நீதிமன்றம், வெளியூரவர் உட்பட 16,000க்கும் அதிகமானோருக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்திருந்தது. தண்டப்பண வருமானத்தைப் பெருக்குமாறு நகர நிர்வாகம் பொலிஸாரைத் தொடர்ந்து நெருக்கிவந்தமையும் அம்பலமாகியது. நகர மக்களில் 67 சதவீதமானோர் கறுப்பினத்தவர். ஆனால், 2012 முதல் 2014 வரை தண்டச்சீட்டுப் பெற்றவர்களில் 90 சதவீதமானோர் அவர்களே.

அவ்வறிக்கையில் பெயர் குறிப்பிடப்படாத பெண்ணொருவரின் கதை நெஞ்சை உறுத்துவதாகும். 2007ஆம் ஆண்டில் ஒரு தடவை வாகனத்தைத் தவறாக நிறுத்தியமைக்காக அவருக்கு இரண்டு சீட்டுகளும் 151 டொலர் தண்டமும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. ஏழு வருடங்களில் அவர் இருமுறை கைதானார். ஆறு நாட்களைச் சிறையில் கழித்தார். 550 டொலரைச் செலுத்தினார். அவ்வளவுக்குப் பின்னரும் 2014 டிசம்பரில் அவர் செலுத்த வேண்டியிருந்த மிகுதி 541 டொலர்! செங்கோல் ஏந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்தி நிற்கும் வழிப்பறிக்காரனின் செயலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டது எத்துணை பொருத்தமானது என்பது இத்தகைய கதைகளைக் கேட்கும்போதே புலனாகின்றது.

தவறு உணரப்பட்டதும் திருத்தங்கள் வந்தன என்பதையும் நாம் மறைக்கலாகாது. தண்டப்பணம் செலுத்தாத காரணத்துக்காக அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் முறையை 2017ஆம் ஆண்டில் கலிபோர்னியா கைவிட்டது. தவணை தவறியோரிடம் அறவிடும் 300 டொலர் 2022ஆம் ஆண்டில் 100 டொலராகக் குறைக்கப்பட்டு, அவ்வகையில் அதுவரை நிலுவையாக இருந்த கடன்களும் தள்ளுபடி செய்யப்பட்டன. வருமானம் குறைந்தோர் தமது நிலையை எடுத்துக்கூறி இணையவழியில் குறைப்புக் கோரும் வசதியும் ஏற்படுத்தப்பட்டுள்ளது. எனினும், அடிப்படைத் தண்டப்பணத்தின் மேல் அடுக்கடுக்காகக் கட்டணம் ஏற்றும் முறை அடியோடு ஒழிந்துவிடவில்லை.

எம்மவர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் தண்டப்பணத்தின் மேல் கட்டணங்கள் உண்டு. 85 டொலர் தண்டத்துடன் பாதிக்கப்பட்டோருக்கான மிகைக்கட்டணமாக 20 டொலரும் நீதிமன்றச் செலவாக 5 டொலரும் சேர்ந்து 110 டொலராகின்றது. ஆனால், செலுத்த வேண்டிய மொத்தத் தொகை சீட்டிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது. சுமை சிறிது, அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது. பின்லாந்தோ வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்கு பாரதூரமான வேக மீறலுக்கான தண்டம் சாரதியின் வருமானத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. 2023ஆம் ஆண்டில் மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லையில் 82 கிலோமீற்றர் வேகத்தில் சென்ற கோடீஸ்வரர் ஒருவருக்கு 121,000 யூரோ விதிக்கப்பட்டது. தண்டனை ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரேயளவு வலிக்க வேண்டும் என்பதே அதன் தத்துவமாகும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவைப் போன்று அடுக்கடுக்கான உபகட்டணங்கள் இங்கு இல்லை என்று நாம் ஆறுதலடையலாம். ஆயினும், மறைந்திருக்கும் சுமைகள் இல்லையென்று கூறிவிட முடியாது. சிறு குற்றங்களுக்கு அவ்விடத்திலேயே விதிக்கப்படும் தண்டப்பணத்தை 14 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் தொகை இரட்டிப்பாகின்றது. 28 நாட்களும் கடந்துவிட்டால் நீதிமன்றம் செல்ல வேண்டும். மூதூரிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதியொருவர் ஹபரணையில் பிடிபட்டாரென வைத்துக்கொள்வோம். தபாலகத்தில் பணம் செலுத்தி, பற்றுச்சீட்டுடன் மீண்டும் ஹபரணைக்குச் சென்றே அவர் தமது அனுமதிப்பத்திரத்தைப் பெற வேண்டியிருந்தது. போக்குவரத்துச் செலவும் இழந்த நாட்கூலியும் எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆனால், அவரது வீட்டு அடுப்பு அதனை அறியும். 2025ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட, இணையவழியில் உடன் பணம் செலுத்தி அனுமதிப்பத்திரத்தை அவ்விடத்திலேயே மீளப்பெறும் முறை இவ்வகையில் வரவேற்கத்தக்கதே. நவீன கைத்தொலைபேசியும் வங்கிக் கணக்கும் இல்லாதவரையும் அதன் பயன் சென்றடைய வேண்டும்.

தமிழ் பேசும் சாரதிகளுக்கு இன்னுமொரு சுமையும் உண்டு. தமக்குப் புரியாத மொழியில் நிரப்பப்பட்ட பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு, தாம் இழைத்ததாகக் கூறப்படும் குற்றம் எது, செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு, இறுதித் தினம் எது என்பதை மற்றொருவரிடம் கேட்டறிய வேண்டிய நிலை தமிழ், முஸ்லிம் மக்களின் நெடுநாளைய முறைப்பாடாகும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது வீதியோரத்துச் சீட்டுக்கும் பொருந்த வேண்டாமா? வாசித்து விளங்க முடியாத தொகையும் மறைக்கப்பட்ட தொகையும் சாரதியைப் பொறுத்தமட்டில் ஒன்றேயாகும்.

2016 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு-செலவுத் திட்டத்தில் ஆகக்குறைந்த போக்குவரத்துத் தண்டப்பணத்தை 2,500 ரூபாவாக உயர்த்தும் யோசனை இடம்பெற்றதும், அதனைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தொகையின் அளவு ஒருபுறமிருக்க, வீதிப் பாதுகாப்புக்கான தண்டனையொன்று நாட்டின் வருமான ஏட்டில் இடம்பிடித்தமையே எம்மைச் சிந்திக்க வைத்தது. கலிபோர்னியாவும் இத்தகைய சிறு அடியுடனேயே அப்பாதையில் இறங்கியது.

நாம் வீதி ஒழுங்கைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமான உயிர்களை வீதி விபத்துகளுக்குப் பலிகொடுக்கும் நாடு இது. மதுபோதையில் வாகனம் செலுத்துபவரும், போட்டிக்கு ஓடும் பஸ் சாரதியும் கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், தண்டனை குற்றத்தின் அளவுக்கு அமைய வேண்டும். அதன் அளவு வெளிப்படையாகவும், ஒரே தொகையாகவும், சாரதிக்கு விளங்கும் மொழியிலும் சீட்டில் குறிக்கப்பட வேண்டும். தாமதத்துக்கான அறவீடு மூலத் தண்டத்தை விஞ்சலாகாது. உடன் செலுத்த வசதியற்றோருக்குத் தவணை முறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டப்பணம் திறைசேரியின் எதிர்பார்ப்பாக மாறிவிடக் கூடாது. விதிமீறல்கள் குறைந்து தண்டப்பண வருமானம் ஆண்டுக்காண்டு வீழ்ச்சியடைவதே ஒரு நல்ல போக்குவரத்து நிர்வாகத்தின் வெற்றியாகும். அவ்வீழ்ச்சியைக் கண்டு கவலைப்படும் அரசு, தன் குடிமக்கள் தவறிழைக்க வேண்டுமென்று காத்திருக்கும் அரசாகிவிடும்.

சுண்டைக்காயின் விலையைச் செலுத்த எவரும் மறுக்கப்போவதில்லை. சுமைகூலி எவ்வளவு, அது யாருக்குச் செல்கின்றது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் உரிமையைத்தான் சாதாரண மக்கள் கேட்கின்றார்கள். உரியவர்கள் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.