எந்தக் கோலால் அளப்பது?

தம்மம்பட்டி மரச்சிற்பப் பட்டறைகளில் கைக்கு வேலை இருக்கும்வரை வாய் சும்மா இருக்காது. வாகைப் பலகையில் உளி ஓட ஓட, பேச்சும் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பட்டறையில் வருஷம் முழுக்க ஓடும் வழக்கு ஒன்று உண்டு: கிரிக்கெட்டில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார்? கோர்ட்டில் போட்ட வழக்காவது என்றைக்காவது முடியும். இது முடியாது.

கட்சிகள் மூன்று. இருபது வயதுத் தம்பி கோலி பக்கம். 2022 அக்டோபரில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக 53 பந்தில் 82 அடித்தாரே, அதில் ஹாரிஸ் ராவுஃப் பந்தைப் பின்காலில் நின்றபடியே நேராகத் தூக்கிய சிக்சரைச் செல்போனில் போட்டுக் காட்டாமல் அவனுக்கு டீ இறங்காது. நான் டெண்டுல்கர் பக்கம். 1998 ஏப்ரல் 22, ஷார்ஜா. மணல் புயல் வந்து ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, 143 ரன். ஆட்டத்தில் தோற்றோம், ஆனாலும் ரன் விகிதத்தில் இறுதிப் போட்டிக்குப் போனோம். இரண்டு நாள் கழித்துத் தன் பிறந்தநாளில் 134 அடித்துக் கோப்பையையே வாங்கிக் கொடுத்தார்.

பட்டறையில் மூத்தவர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் மாமா. அவர் கபில்தேவை விட்டு நகரமாட்டார். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேயிடம் 17 ரன்னுக்கு 5 விக்கெட் போனபிறகு, கடைசிவரை அவுட் ஆகாமல் 175.

“டீவியிலயாச்சும் பாத்தீங்களா மாமா?”

“எவன்டா பாத்தான்? அந்த மேட்ச்சுக்குப் படமே கிடையாது. பேப்பர்ல படிச்சேன்.”

“பாக்காததுக்கா இந்தப் பேச்சு!”

“படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதுக்கு மேல என்னடா வேணும்?”

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1983-இல் மாமாவுக்கு வயது 17. 1998-இல் எனக்கு 17. 2022-இல் தம்பிக்கும் 17. இது எங்கள் பட்டறைக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நெதர்லாந்தில் 619 பேரிடம், எல்லாக் காலத்துக்கும் சிறந்த கால்பந்து வீரர்கள் ஐந்து பேரைச் சொல்லுங்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2012-இல் வெளியான ஆய்வு அது. க்ரைஃப், பெலே, மாரடோனா பெயர்கள்தான் அதிகம் வந்தன. ஆனால் யார் யாரைச் சொன்னார்கள் என்பதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சொன்னவரின் வளரிளம் பருவத்தில் எந்த வீரர் தன் ஆட்ட வாழ்க்கையின் நடுப்பகுதியில் இருந்தாரோ, அவர் பெயர்தான் அடிக்கடி வந்தது. உச்சம் தொட்ட வயது 17! அந்த வயதில் மனதில் பதிவது எல்லாமே அழுத்தமாகப் பதியும். பாட்டுக்கும் அப்படித்தான், நடிகருக்கும் அப்படித்தான்.

உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவே இதில் மாட்டிக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில், நூற்றாண்டின் சிறந்த வீரர் யார் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மாரடோனா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்றைக்கு இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டம். 1986 உலகக் கோப்பையைப் பார்த்து வளர்ந்தவர்கள். மூன்று உலகக் கோப்பை வென்ற பெலேவை அப்படியே விட்டுவிட முடியுமா? தனியாக ஒரு குழு போட்டு அவருக்கும் ஒரு விருது கொடுத்தார்கள். ஒரே பட்டம், இரண்டு பேர். எங்கள் பட்டறை வழக்கே தேவலாம்.

வயதை ஒதுக்கிவிட்டு வெறும் எண்ணைப் பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. ஆனால் அவர் ஆடிய 52 டெஸ்ட்டும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும்தான். சேப்பாக்கத்துச் சுழலில் அவர் என்ன செய்திருப்பார் என்று யார் சொல்வது? 2023 நவம்பர் 15 அன்று மும்பை வான்கடேயில் கோலி ஐம்பதாவது ஒருநாள் சதம் அடித்தார், தன் 279-ஆவது இன்னிங்ஸில். டெண்டுல்கருக்கு 452 இன்னிங்ஸில் 49 சதம். தம்பி இதைச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? டெண்டுல்கர் முதல் சதம் அடித்ததே 79-ஆவது ஆட்டத்தில், அதுவும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியபிறகு. 2011 அக்டோபர் முதல் 2025 பாதிவரை ஒருநாள் ஆட்டத்தில் இன்னிங்ஸ் முழுக்க இரண்டு பக்கமும் இரண்டு புதுப் பந்து. ஒரு பந்து 25 ஓவரே தேய்ந்தது, அதனால் ரிவர்ஸ் ஸ்விங்குக்கு வழி குறைந்தது. அவன் எண்ணைச் சொன்னால் நான் விதியைச் சொல்வேன்.

சதுரங்கத்தில் இந்தத் தொல்லை இருக்கக் கூடாது. அங்கே ரேட்டிங் இருக்கிறது. ஃபிஷர் எட்டிய உயரம் 2785, கார்ல்சன் 2882. ஆனால் அந்த எண், அந்தந்தக் காலத்து எதிராளிகளோடு ஆடி வாங்கிய எண். 1972-இல் இருந்தவரையும் 2014-இல் இருந்தவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்க அதனால் முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேஷ், பட்டம் வாங்கியதால் மட்டும் தான்தான் உலகின் சிறந்த ஆட்டக்காரன் என்று ஆகிவிடாது, மேக்னஸ் கார்ல்சன் இருக்கிறார் என்று சொன்னார். எங்கள் மூன்று பேருக்கும் இல்லாத தெளிவு அந்தப் பிள்ளைக்கு.

என் தொழிலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிற்பத்துக்கு முகத்தின் நீளம் ஒரு தாளம். பலகையில் நடுக்கோடு போட்டு, உயரத்தைப் பங்கு பிரித்த பிறகுதான் உளி வைப்போம். பெருமாளுக்கு உத்தம தசதாளம், மொத்தம் 124 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாளம்தான். பெருமாள் கோலைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் பக்கத்தில் வைத்து ‘குட்டை’ என்று சொன்னால், குறை பிள்ளையாரிடம் இல்லை, கோல் வைத்தவரிடம். பிள்ளையாரில் நல்ல பிள்ளையார், சுமாரான பிள்ளையார் என்று சொல்லலாம். பெருமாளா பிள்ளையாரா என்று கேட்டால் பதிலே இல்லை. விளையாட்டில் நாம் தினமும் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

பதில் இல்லாத கேள்விதான் ஊடகத்துக்குப் பொன்முட்டை. ஐபிஎல் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை போன விலை 48,390 கோடி ரூபாய். ஆட்டத்தைக் காட்ட அவ்வளவு பணம் வேண்டும். ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட ஒரு மேஜையும் நாலு பேரும் போதும். மழை பெய்து ஆட்டம் நின்றாலும் விவாதம் நிற்காது. நமக்குப் பட்டிமன்றம் பழக்கம்தான், ஆனால் அங்கே கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோவார். டீவியில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் நாளைய நிகழ்ச்சிக்கு எங்கே போவது? அதனால் ‘யார்’ என்று மட்டும் கேட்பார்கள், ‘எதில்’ என்று கேட்கமாட்டார்கள்.

கேட்காததால் சில பெயர்கள் வழக்குக்குள்ளேயே வருவதில்லை. எங்கள் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் வலது காலில் பேருந்து ஏறியதால் பாதிப்பு அடைந்தவர். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர் தங்கம், டோக்கியோவில் 1.86 வெள்ளி, பாரிஸில் 1.85 வெண்கலம். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது இறங்குமுகம். டோக்கியோவில் மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து, சரியாக எழும்ப முடியவில்லை என்று அவரே சொன்னார். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். நின்று நிலைத்ததை அளக்கும் கோல் ஒன்றை எடுத்தால் அவரை எங்கே வைப்பது? அந்தக் கோலை எடுத்து வைத்து எந்தத் தொலைக்காட்சியும் சண்டை மூட்டுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பேச்சை வீண்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊர் தெரிந்ததே இந்தச் சண்டையால்தான். படமே இல்லாத ஒரு ஆட்டம் மாமாவின் வாய்வழியாக அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ‘எங்க காலத்துல’ என்று மாமா சும்மா ஆரம்பித்தால் யார் நின்று கேட்பார்கள்? கோலியைக் குறை சொல்லி ஆரம்பித்தால் முழுக்கக் கேட்டே ஆக வேண்டும், பதில் சொல்வதற்காகவாவது.

அதனால் பட்டறையில் ஒரு விதி போட்டிருக்கிறேன். பெயரைச் சொல்கிறவர் கோலையும் சொல்ல வேண்டும். “ரன்னைத் துரத்துறதுல கோலிண்ணா” என்றான் தம்பி. “விழுந்த மேட்ச்சைத் தூக்கி நிறுத்துறதுல கபிலு” என்றார் மாமா. இரண்டுமே சரி என்று தீர்ப்புச் சொன்னேன். உடனே அடுத்த வழக்கு ஆரம்பித்துவிட்டது: துரத்துவது பெரிதா, தூக்கி நிறுத்துவது பெரிதா?