கூடைப்பந்தும் பிழைப்பும்

மாலை வேளையில் மாதுங்கா இந்தியன் ஜிம்கானாப் பக்கம் சென்றோர்க்குப் பந்து தட்டும் ஓசை புதிதன்று. கல்லூரி அணியில் ஆடும் நம் பிள்ளை, "இதனையே தொழிலாகக் கொள்ளலாமா?" என வினவினால் விடை யாது?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கழகங்கள் ஆண்டுதோறும் கல்லூரி வீரரிலும் அயல்நாட்டாரிலுமாக அறுபது பேரளவில் இரு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. முதற்சுற்றில் வந்த புதுமுகத்திற்கு இரண்டாண்டு ஊதியம் உறுதி; இரண்டாஞ் சுற்றில் வந்தவர்க்கு அவ்வுறுதி இல்லை. பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங், 2015இல் டல்லாஸ் கழகத்தால் 52ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இந்தியாவில் பிறந்து இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. ஏழடி இரண்டங்குல உயரத்தினர். ஆயினும் துணை அணியில் ஆடினாரேயன்றி, தலைமை அணிக்காக ஓர் ஆட்டமும் ஆட வாய்க்கவில்லை.

நம் நாட்டிலோ, 2015இல் தோன்றிய யு.பி.ஏ. தொழில்முறைப் போட்டி 2017உடன் நின்றுபோயிற்று. ஆகவே நெடுங்காலமாக நம் வீரரைத் தாங்கி வருவன ரயில்வேயும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்களுமே. விளையாட்டு ஒதுக்கீட்டில் பணியேற்றவர் அலுவலக அணிக்கு ஆடுவார். முழங்கால் தளர்ந்தபின்னும் மாத ஊதியம் தளராது. மேசை வேலை என்று இளையோர் முகஞ்சுளிப்பர். அம்மேசையில் பல்லாண்டு அமர்ந்தவனுக்கு அதில் இழிவொன்றும் தோன்றவில்லை. அதற்கும் தேர்வாட்டம் உண்டு; பட்டமும் பல்கலைக்கழகப் போட்டிச் சான்றிதழ்களும் அங்கே கேட்கப்பெறும். அவற்றைப் பிள்ளை இப்பொழுதே பேணி வைக்கட்டும்.